பரணில் வெந்துபோகும் அட்டைப் படங்கள்

"பழைய பேப்பர் பழுக்கத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்களில் பலரும்கூட இதையேதான் சொல்கிறார்கள். எண்பதுகளில் வந்த ஓர் இதழின் அட்டையில் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கியிருந்தாலோ, வெள்ளையாக இருந்த ஓரம் டீக்கறை மாதிரி ஆகியிருந்தாலோ, நாற்பது வருஷம் ஆயிற்றே என்று வயதின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அதே இதழின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தச் சமாதானம் நிற்பதில்லை. ஒரே அச்சகத்தில், ஒரே இயந்திரத்தில், ஒரே மையில் அடிக்கப்பட்ட இரண்டு பிரதிகள். ஒன்றில் வானம் நீலமாகவும் ஹீரோவின் சட்டை சிவப்பாகவும் அப்படியே இருக்கின்றன. இன்னொன்றில் இரண்டுமே சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. இரண்டுக்கும் வயது ஒன்றுதான். வயதுதான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றுபோல அல்லவா மங்கியிருக்க வேண்டும்? வித்தியாசமெல்லாம் அந்த நாற்பது வருஷமும் அவை எங்கே கிடந்தன என்பதில்தான் இருக்கிறது. அட்டையின் நிறம் போவதில் காலத்தின் பங்கு சிறியது, நாம் வைத்திருக்கும் இடத்தின் பங்கு பெரியது என்பதே என் வாதம். நிறம் போவதை விதி என்று விட்டுவிடுவதால், தடுத்திருக்கக்கூடிய ஓர் இழப்பைக் கண்ணெதிரே நடக்க விட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்டது. 1984-இல் லயன் காமிக்ஸ் மாடஸ்தி பிளைசியோடு வந்தது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் தொடங்கி 2005 வரை ஓடியது. இவற்றின் உள்பக்கக் கதைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து, பெல்ஜியம், இத்தாலி, பிரான்ஸ், அமெரிக்கா என்று வெளியே இருந்து வந்தவை. அந்தச் சித்திரங்களுக்கு அங்கே மூலப் பதிப்புகள் உண்டு. பல கதைகள் அங்கே நல்ல தாளில் மறுபடி மறுபடி அச்சாகியும் இருக்கின்றன. ஆனால் தமிழ் இதழ்களின் அட்டைகளில் கணிசமானவை உள்ளூர் ஓவியர்கள் தீட்டியவை. மாயாவி, ஸ்பைடர், டெக்ஸ் ஆகிய நாயகர்கள் தமிழ் வாசகன் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று இங்கே யோசித்து, இங்கே வண்ணம் குழைத்துச் செய்த வேலை அது. அந்த ஓவியங்களில் பலவற்றுக்கு இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது அச்சான அட்டை மட்டுமே. ஆக ஒரு தமிழ் காமிக்ஸில் நமக்கே நமக்கென்று இருக்கும் பாகம் எதுவோ, அதுதான் முதலில் நிறம் இழக்கிறது.

என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் 'மங்கிவிட்டது' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது இரண்டு வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று தாள் கறுப்பது, மற்றது மை வெளுப்பது. தாள் கறுப்பதன் வேர் அது செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது. செய்தித்தாள் ரகக் காகிதம் மரத்தை அப்படியே அரைத்துச் செய்வது. அதனால் மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருள் ஏறக்குறைய முழுவதும் தாளிலேயே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் பட்டால் லிக்னின் மஞ்சளித்துப் பழுப்பாகும். அதோடு, மை ஊறிப் பரவாமலிருக்கப் படிகாரமும் பைன் மரப் பிசினும் சேர்க்கும் முறை 1807-இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டு உலகமெங்கும் பரவியது. அந்தப் படிகாரம் தாளுக்குள் அமிலத்தை விதைத்துவிடுகிறது. அமிலம் காகிதத்தின் நார்களைத் துண்டு துண்டாக்கும். அந்தச் சிதைவிலிருந்து மேலும் அமிலம் பிறக்கும். அட்டைக்குப் பயன்படும் வழவழப்பான தாள் இதைவிட நல்ல ரகம்தான். மேலே களிமண் பூச்சும் இருக்கும். ஆனால் அது தனியாக வாழவில்லை. உள்பக்கத்து மட்டத் தாளோடு வருஷக்கணக்கில் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கிறது, அந்தத் தாளின் அமிலம் மெல்ல மெல்ல அட்டைக்கு ஏறுகிறது. அதனால்தான் முன்பக்கம் பளிச்சென்று இருக்கும் அட்டையைத் திருப்பினால் உள்பக்கம் வறுத்த ரவை நிறத்தில் இருப்பதைப் பார்க்கிறோம்.

மை வெளுப்பது வேறு கதை. அதற்கு வெளிச்சமே முதல் காரணம். வண்ண அச்சு என்பது மஞ்சள், மெஜந்தா எனும் இளஞ்சிவப்பு, சயான் எனும் வான்நீலம், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகளால் ஆனது. நான்கும் ஒரே அளவு வெயில் தாங்குவதில்லை. மஞ்சளும் மெஜந்தாவும் சீக்கிரம் ஓடிவிடும். சயானும் கறுப்பும் நெடுங்காலம் நிற்கும். முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் வெயில் படும் சுவரில் ஒட்டிய பழைய படங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்: முகமெல்லாம் நீலம் பாரித்து, உதட்டுச் சிவப்பே இல்லாமல் இருக்கும். காமிக்ஸ் அட்டைக்கும் அதே கதிதான். தீப்பிழம்பும் ரத்தமும் மஞ்சள் தலைப்பெழுத்தும் முதலில் போகும். அளவு தெரிய ஒரு கணக்கு: காகிதத்தில் செய்த கலைப்பொருள்களை அருங்காட்சியகங்கள் ஏறக்குறைய 50 லக்ஸ் வெளிச்சத்தில்தான் காட்சிக்கு வைக்கின்றன. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அப்படியானால், ஜன்னலோரத்தில் நேர் வெயிலில் ஒரு மணி நேரம் கிடக்கும் அட்டை வாங்கும் வெளிச்சம், அருங்காட்சியகத்தில் 2,000 மணி நேரம், அதாவது தினம் எட்டு மணி நேரம் வீதம் 250 நாள் காட்சியில் இருப்பதற்குச் சமம். புத்தகக் கடையின் வாசலில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட இதழ் ஒரு வாரத்தில் எவ்வளவு வாங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பழைய இதழ் ஒன்றைக் கையில் எடுத்து, விலையை மறந்துவிட்டு, அதன் உடம்பில் உள்ள அடையாளங்களை மட்டும் படித்தால் அது இருந்த வீட்டையே சொல்லிவிடும். வலது ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு வெளுத்த பட்டை, அதற்கு இந்தப் பக்கம் கோடு கிழித்த மாதிரி நிறம் முழுசாக இருக்கிறதா? அடுக்கில் அதன் மேலிருந்த புத்தகம் சற்று உள்ளே தள்ளி இருந்திருக்கிறது. நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில் வருஷக்கணக்கில் வெளிச்சம் பட்டிருக்கிறது. முதுகு மட்டும் வெளிறி முன்னட்டை நன்றாக இருந்தால், திறந்த அலமாரியில் முதுகு வெளித்தெரிய நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பின் குத்திய இடத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் வட்டம் படர்ந்திருந்தால் ஈரம். கம்பி துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கியிருக்கிறது. அட்டை முழுவதும் மிளகு தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அதுவும் ஈரம்தான், பெரும்பாலும் பூஞ்சையின் வேலை. அட்டையின் மேல்பூச்சு மட்டும் சுரண்டப்பட்டு ஒழுங்கற்ற வெள்ளைத் தீவுகள் தெரிந்தால் ராமபாணப் பூச்சி மேய்ந்திருக்கிறது. அதுவும் ஈரம் தேடி வரும் பூச்சி. முதுகில் நீளவாக்கில் தேன் நிறத்துக் கறை என்றால் செல்லோ டேப். டேப் உதிர்ந்து போயிருக்கும், பசை மட்டும் நிரந்தரமாகத் தங்கியிருக்கும். இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எல்லாக் காரணங்களும் அறையில், அலமாரியில், கையில் இருக்கின்றன. நாள்காட்டியில் இருப்பது ஒன்றுகூட இல்லை.

இது வெறும் யூகம் இல்லை என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியர் இருந்தார். 1930களின் இறுதியிலிருந்து 1950கள் வரை வந்த காமிக்ஸ்களை அவர் விடாமல் வாங்கி வீட்டில் அடுக்கிவைத்தார். 1977-இல் அவருடைய சேகரிப்பை சக் ரோசான்ஸ்கி என்ற இளம் வியாபாரி வாங்கினார். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்கள். அவற்றைத் திறந்தவர்கள் திகைத்துப்போனார்கள். நாற்பது வயது நெருங்கிய பத்து சென்ட் இதழ்கள், கடையிலிருந்து அன்றைக்கு வாங்கிவந்ததுபோல் அட்டை மின்ன, பக்கம் வெளேரென்று இருந்தன. தாள் அதே மட்டமான செய்தித்தாள் ரகம்தான். மையும் அச்சும் நாடெங்கும் விற்ற மற்ற பிரதிகளுக்கு இருந்ததுதான். வேறுபட்டது இடம் மட்டும். கடல் மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள வறண்ட, குளிர்ந்த ஊர்; வெளிச்சம் புகாத உள்ளறை; உயரமாக, நெருக்கமாக அடுக்கியதால் நடுவில் காற்றும் ஈரமும் நுழைய வழியில்லை. இன்றும் அந்தச் சேகரிப்பைச் சேர்ந்த 'மைல் ஹை' பிரதி என்றாலே சேகரிப்பாளர்கள் தனி மரியாதை தருகிறார்கள். ஒரே இதழின் பிரதிகள் பல்லாயிரம் வீடுகளில் பல்லாயிரம் விதமாக வைக்கப்பட்டன. அவற்றில் ஒரு வீடு இப்படி ஜெயித்திருக்கிறது என்றால், தாளின் விதி தாளிலேயே எழுதப்பட்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை.

"அமிலம் உள்ளேயே இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு எங்கே வைத்தால் என்ன?" என்ற கேள்வி நியாயமானது. உள்ளே இருப்பது உண்மை, அதை முழுக்க நிறுத்த முடியாது என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு வேகமாக என்பது நம் கையில் இருக்கிறது, காகிதத்தின் ஆயுளில் வேகம்தான் எல்லாம். வேதி மாற்றங்களுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரண் வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தொடுகிறது, அதே வீட்டின் உள்ளறை பீரோ 30 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரணில் ஒரு கோடை, பீரோவில் இரண்டு கோடைக்குச் சமம். முப்பது கோடை பரணில் கிடந்த புத்தகம் அறுபது கோடை கண்டதுபோல் ஆவது இப்படித்தான். வேகத்தைப் பாதியாக்குவது என்பது ஒரு தலைமுறைக்கு இருந்த பொருளை இரண்டு தலைமுறைக்கு நீட்டுவது.

நம் தட்பவெப்பத்தைக் காட்டித்தான் இதைவிடக் கனமான ஆட்சேபம் வருகிறது. காகிதத்துக்கு உகந்தது என்று நூலகங்கள் சொல்வது ஏறக்குறைய 20 டிகிரியும் 50 சதவீதத்துக்குக் கீழான ஈரப்பதமும். சென்னையில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். கடலோர ஊர்கள் அனைத்திலும் இதுதான் நிலை. சிவகாசி வறண்ட பூமி. தீப்பெட்டியும் பட்டாசும் அங்கே வேரூன்றியதற்கு அந்த வறட்சி ஒரு காரணம், அந்தத் தொழில்களுக்கு லேபிள் அடிக்கப்போய்த்தான் அச்சுத்தொழிலே அங்கே வளர்ந்தது. உலர்ந்த ஊரில் அச்சாகி ஈர ஊர்களில் போய்ப் படிக்கப்பட்டவை நம் காமிக்ஸ்களில் பல. இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஓட்ட எத்தனை பேரால் முடியும்? முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டென்வரைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நம் வீட்டுக்குள்ளேயே மோசமான இடமும் பரவாயில்லாத இடமும் இருக்கின்றன, நாம் பெரும்பாலும் மோசமானதையே தேர்ந்தெடுக்கிறோம். பரண் வெப்பத்துக்கு மோசம். மேற்குச் சுவர் சாயங்கால வெயிலை வாங்கி இரவு முழுக்க உள்ளே விடும். குளியலறைச் சுவரும் தரையும் ஈரம். கட்டிலுக்கடியில் வைத்த பெட்டிகளுக்கு என்ன ஆயிற்று என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் சென்னைவாசிகளுக்குக் காட்டிவிட்டது. உள்ளறைச் சுவரோரம், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி ஓர் இரும்பு பீரோ, புத்தகங்களைப் படுக்கைவாட்டில் சின்னச் சின்ன அடுக்காக வைப்பது: இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை உள்ளே வைத்துப் பார்த்தால் ஐப்பசி கார்த்திகையில் எப்போது திறக்கக்கூடாது, வெயில் அடித்துக் காற்று உலர்ந்த நாளில் எப்போது திறந்துவிடலாம் என்பது தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிட்டால் பத்திரம் என்ற நம்பிக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அக்கறையுள்ளவர்களே அதிகம் செய்யும் தவறு இது. பள்ளி நோட்டுக்கு அட்டை போடும் மெத்தென்ற, வாடை அடிக்கும் பிளாஸ்டிக் பெரும்பாலும் பி.வி.சி. அது நாளாவட்டத்தில் தானே அமிலம் கக்கும். அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய் மையில் ஒட்டி, உரித்தால் படத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலின் உறைகள் அப்படிச் செய்வதில்லை. ஆனால் நல்ல உறையிலும் காற்றுப் புகாமல் மூடுவது சிக்கல். அமிலத் தாளை அப்படி அடைத்தால் அது வெளியிடும் ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றித் தாளையே தின்னும் என்பதை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. நம் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது: மழைக்காலத்தில் மூடிய உறைக்குள் மழைக்காலமே அடைபட்டுவிடுகிறது. உறையை மூடிவிடச் சொல்லும் வெளிநாட்டுச் சேகரிப்பாளரின் யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே பூஞ்சை வளர்க்கத்தான் உதவும். உறையின் வாயை ஒட்டாமல் மடித்து மட்டும் வைத்து, பின்னால் கால்சியம் கார்பனேட் சேர்த்த, அமிலமற்ற அட்டை ஒன்றைச் செருகினால் அது அமிலத்தை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். அந்த அட்டையும் நிரந்தரமல்ல, சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பாச்சா உருண்டை பூஞ்சையைத் தடுக்காது. சிலிகா ஜெல் பொட்டலம் உதவும், ஆனால் அதை அவ்வப்போது எடுத்துக் காயவைக்காவிட்டால் வெறும் மணல்தான்.

நிறம் போன அட்டையை 'சரிசெய்து' விற்கும் பழக்கமும் வளர்ந்துவருகிறது. பிளீச் போட்டு வெளுப்பது, வெளிறிய முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் நிறம் ஏற்றுவது, கிழிந்த ஓரத்தை நறுக்கி நேராக்குவது. வாங்குபவர் கண்ணுக்கு அழகாக இருக்கிறதே, இதில் என்ன தப்பு என்று கேட்கிறார்கள். பிளீச் தாளின் நாரை அறுக்கிறது. முழுக்கக் கழுவி எடுக்கப்படாத குளோரின் உள்ளே தங்கி, சில வருஷத்தில் முன்னைவிட மோசமான மஞ்சளாகத் திரும்பிவருகிறது. பேனா மை அச்சு மையோடு சேர்ந்து மங்குவதில்லை, ஒரு பக்கம் ஊறித் திட்டாகிறது. பணமே பெரிது என்பவர்களும் கவனிக்க வேண்டியது, உலகச் சந்தை இதை மதிப்பதில்லை என்பதுதான். அமெரிக்காவில் காமிக்ஸ்களைத் தரம் பிரிக்கும் சி.ஜி.சி. நிறுவனம், பக்கத்தின் வெண்மையை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே தனியாகக் குறிக்கிறது. நிறம் தீட்டியும் ஒட்டியும் செப்பனிட்ட பிரதிகளுக்கு ஊதா நிறச் சீட்டு ஒட்டிப் பிரித்துவைக்கிறது, அவற்றின் விலையும் விழுகிறது. சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-இல் பத்து சென்ட். 2024 ஏப்ரலில் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் யாரும் செப்பனிடாத மைக்கும் தாளுக்கும் கொடுத்தது. வாசித்து வாசித்து மடிந்த மூலை, வாடகை நூலகத்தின் ரப்பர் முத்திரை, முதல் பக்கத்தில் ஒரு சிறுவன் இங்க் பேனாவால் எழுதிய பெயர், இவையெல்லாம் அந்த இதழ் வாழ்ந்த வாழ்க்கை. என் கண்ணுக்கு அவை குறையே இல்லை. பரண் வெப்பமும் பிளீச்சும் அந்த வாழ்க்கையைச் சேர்ந்தவை அல்ல.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா என்பது கடைசியாக வரும் கேள்வி. செய்ய வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்கேனர் இன்றைக்கு இருக்கும் நிறத்தைத்தான் பார்க்கும், 1984-இல் இருந்த நிறத்தை அல்ல. மெஜந்தா ஓடிப்போன அட்டையைக் கணினியில் 'சரிசெய்பவர்' ஊகிக்கத்தான் முடியும். அந்தச் சட்டை சிவப்பா, ஆரஞ்சா, மாந்தளிரா என்று அவருக்கு யார் சொல்வது? நல்ல ஸ்கேனுக்கும் நிறம் கெடாத ஒரு பிரதி வேண்டும். ஆகவே ஸ்கேன் என்பது பத்திரப்படுத்துவதற்கு மாற்று இல்லை, பத்திரப்படுத்தியதன் பலன். இதில் தனியாளால் முடியாததும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் பாட்டுப் புத்தகங்களும் நோட்டீஸ்களும் அவர் காலத்தில் பலர் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்திருக்கும். 1994-இல் சென்னையில் அவற்றை வைத்து ஓர் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது, இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது. காமிக்ஸுக்கும் அப்படி ஓர் இடம் பொது நூலகங்களில் ஒதுக்கப்பட வேண்டும்: குளிரூட்டிய ஓர் அறை, ஒவ்வோர் இதழுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி, நிறம் ஒப்பிடும் அட்டையைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம். சிறுவர் சமாச்சாரத்துக்கு அரசுப் பணமா என்று முகம் சுளிப்பவர்கள், தமிழ்நாட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய எத்தனை பேருக்கு முதல் முழுப் புத்தகமாக அமைந்தது ஒரு காமிக்ஸ் என்பதை யோசிக்க வேண்டும்.

அந்த அறை கட்டப்படும்வரை இருப்பவை வீடுகளில்தான் இருக்கும். ஒவ்வொரு போகிக்கும் கொஞ்சம் எரிகிறது, ஒவ்வொரு வீடு மாற்றத்துக்கும் கொஞ்சம் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போகிறது. தப்பியவை பெரும்பாலும் பரணில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கின்றன, அந்தப் பெட்டியும் அமிலத்தாள்தான். பெட்டியை இறக்க மாசி, பங்குனியே தோது. அப்போது மழை ஈரம் வடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. தூசியை மெல்லிய தூரிகையால் முதுகிலிருந்து வெளிநோக்கித் தட்டி, துருப்பிடித்த பின் இருந்தால் பிடுங்காமல் விட்டு, வெயிலில் காயவைக்காமல் விசிறிக்கு அடியில் ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, உள்ளறை பீரோவின் நடுத்தட்டில் வைக்கலாம். சித்திரை பிறந்துவிட்டால் அந்தப் பரண் மறுபடி அடுப்பாகிவிடும்.